நிருபர் திருப்தி தெரிவித்தார்

வல்லிநாயகம் இன்னும் வாயையே திறக்கவில்லை. அதற்குள் அவர் கேட்ட கேள்வி ஃபைலின் நான்காம் பக்கத்தில் டைப் அடித்து உட்கார்ந்திருந்தது.

'கால்வாய்த் தண்ணீர் கெட்டுவிட்டதாகப் பேச்சு இருக்கிறதே என்று தென்காசி நிருபர் வல்லிநாயகம் கேட்டார். வீண் புரளி என மேனேஜர் விளக்கினார். நிருபர் திருப்தி தெரிவித்தார்.'

திருப்தியாம்! அவருக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது.

குற்றாலத்து லாட்ஜ் ஹாலில் அட்டை மில்லின் பத்திரிகையாளர் கூட்டம் இன்னும் தொடங்கவே இல்லை. வந்த நிருபர்களுக்கெல்லாம் 'பிரஸ் கிட்' என்று ஆளுக்கொரு ஃபைல் கொடுத்திருந்தார்கள். உள்ளே செய்திக் குறிப்பு, மில்லின் வரலாறு, மேனேஜர் சிரிக்கும் போட்டோ.

தப்பான சாமான் என்று சொல்ல முடியாது. முதலீடு எவ்வளவு, மேனேஜரின் இனிஷியல் என்ன என்று அலையாமல் எழுத அது வேண்டும்தான். ஆனால் இந்தப் பக்கத்து நிருபர்கள் தலைப்பை மட்டும் மாற்றி, மிச்சத்தை அப்படியே தந்தி அடித்துவிட்டு, துண்டோடு அருவிக்குக் கிளம்பிவிடுவார்கள்.

மில்லுக்குக் கீழே, இலஞ்சியில், கால்வாயில் வாய் வைத்த முத்துவடிவின் எருமைகள் நுரை தள்ளிச் செத்துக் கிடந்ததை அவர் நேற்றுத்தான் பார்த்திருந்தார். பால் விற்றுப் பிழைக்கிறவள். அதே தண்ணீரைத்தான் தெருவே குடிக்கிறது.

"பேப்பர்ல வந்தாத்தான் அண்ணாச்சி தாசில்தார் எட்டிப் பாப்பாரு" என்று அவள் அழுதாள். போடுகிறேன் என்று இவர் வாக்குக் கொடுத்தார்.

வல்லிநாயகம் எழுந்து ஃபைலை மேஜையில் வீசினார்.

"கேக்கதுக்கு முன்னாலயே எனக்குத் திருப்தி வந்துட்டோ? நான் எழுதுததை நாளைக்குப் பேப்பர்ல பாரும்வே!"

மேனேஜர் போட்டோவில் போலவே சிரித்தார். "காபி குடிச்சிட்டுப் போங்க சார்."

சாரலில் நனைந்தபடியே தபால் ஆபீசுக்கு ஓடினார். டிரங்க் கால் போட்டால் இன்றைக்குக் கிடைக்காது. தந்திதான் வழி. செத்த எருமை, நுரைத்த தண்ணீர், முத்துவடிவின் பேர் எல்லாம் எழுதி நீட்டினார்.

தந்தி குமாஸ்தா சங்கரபாண்டி தலையைச் சொறிந்தான்.

"ஒங்க செய்தி காலையிலயே போயிட்டே அண்ணாச்சி. வேல்சாமி அண்ணாச்சி கொண்டாந்தாவ. ஒங்க கையெழுத்துதான்."

கையெழுத்து அவருடையதுதான். வெற்றுத் தந்தித் தாள்களில் கையெழுத்துப் போட்டு ஒரே ஆளிடம் கொடுத்துவைப்பது இங்கே நிருபர்களின் வழக்கம். சீசன் கூட்டத்தில் ஒருவர் வரிசையில் நின்றால் எல்லோர் செய்தியும் போய்விடும். இந்த மாதம் சக நிருபர் வேல்சாமியின் முறை. இந்தக் கேள்வியைக் கேட்கப் போவதாக நேற்று அவனிடம்தான் சொல்லியும் வைத்திருந்தார்.

கூட இருந்து குழி பறித்திருக்கிறான், பாவி.

"அது பொய்லே! இதை ஒடனே அடி. பேப்பர் ஆபீஸ்ல அதை நிப்பாட்டிருவாங்க."

"அடிக்கேன் அண்ணாச்சி. ஆனா அங்கன எடுத்துக்கிடுவாவளா? ஒங்க பேர்ல ரெண்டாவதா ஒண்ணும் போயிருக்கே."

"என்னன்னுலே?"

சங்கரபாண்டி அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"'இனி என் பேரில் வரும் தந்தி எதையும் நம்ப வேண்டாம்'னு."