ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல்

காரைக்காலை அடுத்த குரும்பகரம் வீட்டில் அன்று மதியச் சாப்பாட்டுக்கு இருந்தவர்கள் நாலு பேர். வீட்டுக்காரர் உத்திராபதி. அவர் மகன் ஹரிஹரன், பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். நாகப்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் மங்கையர்க்கரசி. அவளுடைய மாமியார் சொர்ணாம்பாள்.

மங்கையின் கணவனுக்கு மஸ்கட்டில் வேலை. அதனால் காரை ஓட்டுவது மங்கை. எங்கே ஓட்ட வேண்டும் என்று சொல்வது மாமியார்.

“வண்டி வறண்டு போச்சுண்ணே. எங்க ஊர் விலைக்கு யாரு பெட்ரோல் போடுறது? காரைக்கால்ல பாண்டிச்சேரி வரி, விலை குறைச்சலாச்சே, அதான் கிளம்பி வந்துட்டோம்” என்றார் சொர்ணாம்பாள், எல்லா ஞாயிற்றுக்கிழமையும் சொல்வதுபோல.

“நல்லதுதானே சம்பந்தியம்மா. காசை ஏன் விடணும்?” என்றார் உத்திராபதி.

காரணம் இல்லாமல் வந்திருந்தால் அவர் பேச்சு வேறு மாதிரி இருக்கும். மனைவி இறந்த புதிதில் மங்கை இரண்டு வாரம் சேர்ந்தாற்போல் வந்தபோது, “கட்டிக் கொடுத்த பொண்ணு சும்மா சும்மா வந்து நின்னா ஊர் என்ன சொல்லும்?” என்று வாசலிலேயே கேட்டவர்.

ஹரிஹரனுக்குப் பொறுக்கவில்லை.

“அத்தை, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது. போக வர அறுபது கிலோமீட்டர். மூணு லிட்டர் எரியுது. நீங்க டேங்க் முழுக்கப் போட்டாலும், மிச்சம் பிடிக்கிறதை அந்த மூணு லிட்டரே தின்னுடும்.”

“உங்க அக்கா மெதுவாத்தானே தம்பி ஓட்டுறா?”

“அவ மெதுவா ஓட்டினாலும் ரோடு விடணுமே! லாரிக்குப் பின்னாடியே பிரேக், கிளட்ச், பிரேக். பெட்ரோலை எரிச்சுச் சேர்த்த வேகம், ஒவ்வொரு பிரேக்குக்கும் சூடாப் போயிடுது. மறுபடியும் முதல்லேருந்து வண்டியை நகர்த்தணும்.”

“அப்ப பிரேக்கே போட வேண்டாங்கிறியா?”

மங்கைக்குச் சிரிப்பில் புரையேறியது.

“சரி, எல்லை தாண்டினதும் வாஞ்சூர்லயே பங்க் இருக்கே. அதே விலைதானே?” என்றான் ஹரிஹரன்.

“அங்க நிலக்கரி லாரி வரிசையா நிக்குது. அந்தத் தூசி எனக்கு ஆகாது.”

“நீங்க விடுற புகை மட்டும் ஊருக்கு ஆகுமா? ஒரு லிட்டர் எரிஞ்சா ரெண்டேகால் கிலோ கரியமிலவாயு, அத்தை.”

“பெட்ரோல் தண்ணியைவிட லேசு, லிட்டருக்கு முக்கால் கிலோதான்னு போன வாரம் நீதானே சொன்னே? முக்கால் கிலோ எரிஞ்சு எப்படி ரெண்டேகால் கிலோ ஆகும்? மீன்காரிகூட இப்படி எடை போட மாட்டாளே!”

“காத்துல இருக்கிற ஆக்சிஜனும் அதோட சேருதுல்ல.”

“அது சரி. காத்தையும் என் கணக்குல எழுதிட்டியா?”

இதற்கு உத்திராபதியே சிரித்துவிட்டார். ஆனால் வாத்தியார் விடவில்லை.

“எப்படிப் பார்த்தாலும் நஷ்டம்ப்பா. வாரா வாரம் நஷ்டம்.”

நஷ்டம் என்ற சொல்லைக் கேட்டதும் உத்திராபதியின் சிரிப்பு நின்றது. இரண்டாவது தடவை சோறு போட வந்த மங்கையைக் கைகாட்டித் தடுத்தார்.

“போதும்மா. நஷ்டப்பட்டுக்கிட்டு எதுக்கு இவ்வளவு தூரம் வரணும்? இனிமே வாஞ்சூர்லயே போட்டுக்கிட்டு அப்படியே திரும்பிடுங்க.”



“சரிங்கண்ணே” என்றார் சொர்ணாம்பாள்.

சோற்றுப் பாத்திரத்தோடு அடுப்படிக்குப் போன மங்கை சீக்கிரம் வெளியே வரவில்லை.

கிளம்பும்போது ஹரிஹரனும் காரில் ஏறிக்கொண்டான். எவ்வளவு பிடிக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால் கணக்கு முடிந்துவிடும். திரும்பிப் போக பஸ் இருக்கிறது.

காரைக்கால் பங்கில் வேலை பார்க்கும் அஸ்ஃபியா சிரித்துக்கொண்டே வந்தாள்.

“வாங்கக்கா. வழக்கம்போல ஃபுல்லா?”

“ஃபுல்” என்றாள் மங்கை.

அஸ்ஃபியா குழாயைச் செருகினாள். சற்று நேரத்தில் அது ‘டக்’கென்று தானாக நின்றது.

ஹரிஹரன் மீட்டரைப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தான்.

“அக்கா, மத்த நாள்ல எல்லாம் இந்தக் கார் எங்க போகும்?”

“எங்கயும் போகாதுடா. அத்தை எடுக்க விட மாட்டாங்க.”

பின் சீட்டில் சொர்ணாம்பாள் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். “கணக்கு முடிஞ்சுதா தம்பி? வேர்க்குது, கிளம்பலாம்” என்றார்.

ஹரிஹரன் கீழே இறங்கிப் போனை எடுத்தான்.

“அப்பா, கணக்கைத் தப்பாப் போட்டுட்டேன்.”

“வாத்தியார் போட்ட கணக்காச்சே?”

“காத்து வண்டியைத் தடுக்கிறதைக் கொஞ்சம் கூடுதலா எடுத்துட்டேன்ப்பா. சரியாப் பார்த்தா லாபம்தான்.”

“எவ்வளவு லாபம்?”

வாழ்நாளெல்லாம் விடையைப் புள்ளி பிசகாமல் சொல்லிப் பழகிய ஹரிஹரன் முதல் தடவையாகத் தடுமாறினான்.

“நல்ல லாபம்ப்பா.”

“முன்னாடியே இதைச் சொல்றதுக்கென்ன? அடுத்த ஞாயித்துக்கிழமை தவறாம வரச் சொல்லு. கொடுவா மீன் கிடைக்குதான்னு பார்க்கிறேன்” என்றார் உத்திராபதி. போனில் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கும் சத்தம் கேட்டது.

முப்பத்தைந்து லிட்டர் பிடிக்கும் டேங்க் அது. அன்று அது நிறைந்து நின்றது, வந்து போக எரியும் அந்த மூன்று லிட்டரிலேயே. வறண்டு போனதாகச் சொன்ன வண்டியில், பங்குக்குள் நுழையும்போதே மீதி இருந்தது முப்பத்திரண்டு லிட்டர்.