கடைசிப் பக்கத்துச் சிரிப்பு

காசநோய் பற்றிய அந்தப் படக்கதையை நூலகத்தில் உட்கார்ந்து வரைந்தவர், எதிரில் வேறு முகம் கிடைக்காமல், நூலகர் தமயந்தியின் முகத்தையே நோயாளிக்கு வைத்துவிட்டார். கதையில் அவள் ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட்டு, கடைசிப் பக்கத்தில் பல் தெரியச் சிரிக்கிறாள். அன்றிலிருந்து பக்கத்து ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்குகிறவர்கள் எல்லாம் இங்கே வந்து, புத்தகத்தை ஒருமுறையும் அவளை ஒருமுறையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு அந்த நோயே வந்ததில்லை என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். வெளியில் சொல்லக் கூச்சப்படுகிறாள் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.

இந்த வாரம் காய்ச்சலில் மூன்று நாள் விடுப்பு. நான்காம் நாள், அடித்துப்போட்டது போன்ற உடம்போடு அவள் பூட்டைத் திறக்க வந்தபோது, லாரி ஓட்டும் இருதயராஜ் படியில் உட்கார்ந்திருந்தார்.

“மூணு நாளா உங்களைக் காணல மேடம். போய்ச் சேந்துட்டீங்கன்னு நெனச்சேன். அப்புறம் நான் மட்டும் எதுக்குன்னு மாத்திரைய நிறுத்திட்டேன்.”

“எனக்கு வெறும் காய்ச்சல்தாங்க.”

“மொதல்ல எல்லாரும் அப்படித்தான் சொல்றோம்.”

உள்ளே போனதும் அவரே அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து, கடைசிப் பக்கத்தை விரித்து, அவள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். இன்னொரு கையில் பிரிக்காத மாத்திரை அட்டை இருந்தது. தமயந்தி மேசையைப் பிடித்து நின்றுகொண்டு, அதே மாதிரி சிரித்துக் காட்ட எத்தனை பல் தெரிய வேண்டும் என்று படத்தை எட்டிப் பார்த்தாள்.