கீறல் விழாத கை

கூட்ஸ் ரயிலில் வந்து சேரும் புது வேன்களை இறக்கித் தொழிற்சாலைக்குள் கொண்டுபோய் விடுவது அவர் வேலை. அங்கே கட்டில், அடுப்பெல்லாம் பொருத்தி அவற்றை ஓடும் வீடுகளாக்கி விற்பார்கள்.

இத்தனை வருடத்தில் அவர் கையால் ஒரு வேனில்கூடக் கீறல் விழுந்ததில்லை. மகிழ்ந்துபோன முதலாளி, தயாரான வேன் ஒன்றை வீட்டு வாசலுக்கே அனுப்பி, ஒரு வாரம் குடும்பத்தோடு சுற்றிவரச் சொன்னார்.

மனைவி தன் தம்பியையும் அழைத்திருந்தாள். அவரை ஒன்றுக்கும் உதவாத மாப்பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிபவன் அவன். அவன் வாயை அடைக்க இதைவிட நல்ல சமயம் கிடைக்காது.

சாமான்களை ஏற்றியாயிற்று. தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. அவர் சாவியைத் திருகினார். எஞ்சின் உறுமியது. வண்டி நகரவில்லை.

"என்ன மாமா, சைடு கண்ணாடியையே பார்த்துட்டிருக்கீங்க? ரோடு முன்னாடி இருக்கு" என்றான் தம்பி.

அவர் பக்கத்து சீட்டிலிருந்த மனைவியின் காதருகே சாய்ந்தார்.

"ரயில்ல வேன் எல்லாம் மூஞ்சி உள்ள பார்த்த மாதிரி நிக்கும். ரிவர்ஸ்லதான் இறக்கணும். சரிவுல இறங்கினா நேரா தொழிற்சாலை வாசல். அப்படியே ரிவர்ஸ்ல உள்ள விட்டுருவேன்."

"அதுக்கென்ன இப்போ?"

"முன்னாடி ஓட்டிப் பழக்கமில்ல."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு எழுந்து பின்பக்கம் போய், பெரிய கண்ணாடி ஜன்னலின் திரையை விலக்கினாள்.

"தம்பி, இங்க வந்து உட்காரு" என்றாள். "இந்த வண்டிக்கு முன்பக்கம் இதுதான்."