ராணி இன்னும் உள்ளேதான்

"'சாவு விழுந்த வீட்டுக்குப் பக்கத்துல டிவியை இப்படி அலற விடுறீங்களே, உங்களுக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்லியா?' இதான் அத்தை அந்த சுஹேல் அகமது கேட்டது. ஒரு வார்த்தை நான் கூட்டல, குறைக்கல. நடுத் தெருவுல, நாலு பேரு நிக்கும்போது!"

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ஜெனிஃபா இன்னும் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

மாமியார் கிரேஸி திரும்பவில்லை. டிவியில் நகையெல்லாம் கழற்றிவிட்ட ராணி ஒருத்தி தூணைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். தெருமுனை வரை கேட்கிற அழுகை.

"காது மந்தமாயிடுச்சும்மா."

"அப்டியா? நேத்து சமையல்கட்டுல நான் முணுமுணுத்தது மட்டும் உங்களுக்கு ஹால் வரைக்கும் கேட்டுச்சே!"

கிரேஸி ரிமோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆறு வருஷமா ஓடுது இந்த ராஜா காலத்துக் கண்றாவி. அந்த ராஜா சாகறதுக்கே ஒரு வருஷம் ஆச்சு. ராணி அந்தப்புரத்துக்குள்ள போய் ரெண்டு கிறிஸ்மஸ் போயிடுச்சு. இன்னும் அதே தூணு, அதே அழுகை. அப்படி என்னத்தைத்தான் பாக்குறீங்க?"

"என்னிக்காவது வெளிய வருவா இல்ல."

"வரவே மாட்டா. வந்துட்டா சீரியல் முடிஞ்சுடும்."

ஆம்பூரில் அந்தத் தெரு வீடுகள் தோளோடு தோள் ஒட்டியவை. இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் அமீர் பாஷா வீடு. தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர். போன மாதம்தான் அடக்கம் செய்தார்கள். அவர் மனைவி குர்ஷித் இத்தாவில் இருக்கிறாள். கணவனை இழந்தவள், நாலு மாதம் பத்து நாள் முடியும்வரை வாசல்படி தாண்டக் கூடாது. சுஹேல் அவள் கொழுந்தன். தினம் வந்து பார்த்துக்கொள்கிறவர்.

"குர்ஷித் அக்கா இத்தனை வருஷமா இதே பாயில உங்ககூட உக்காந்து, ஷூவுக்கு மேல்தோல் தைச்சுக்கிட்டே இதே சீரியலைப் பாத்தவங்க. அவங்க புருஷன் போயிட்டாரு. நீங்க இங்க டிவியில வர்ற ராணிக்காக உருகுறீங்க. நல்ல சிநேகிதம்!"

டிவி சத்தம் குறையவில்லை.

கிரேஸியின் மகன் ஜார்ஜ் வந்தான். ஷூ கம்பெனியில் ஆர்டர் கம்மி, வாரத்தில் பாதி நாள்தான் வேலை. அவனுக்குக் கோபப்பட ஓர் ஆள் தேவையாக இருந்தது.

"தினம் அந்த சுஹேல் மூஞ்சில முழிக்கணும்மா நானு. எனக்கு இருக்கிற பேஜார் போதாதா? நீ கொஞ்ச நாள் அரக்கோணத்துல தங்கச்சி ஃபீபி வீட்ல போய் இரு."

கிரேஸி அப்போதுதான் திரும்பினாள்.

"போறேன்ப்பா. டிவி மட்டும் இங்கயே இருக்கட்டும். சாயங்காலம் அந்த சீரியலை மட்டும் போட்டு விட்டுடுங்க. இதே சத்தத்துல."

ஜெனிஃபா சிரித்தேவிட்டாள்.

"நீங்க அரக்கோணத்துல இருப்பீங்க, டிவி இங்க கத்திக்கிட்டு இருக்கணுமா? ஏங்க, உங்கம்மாவுக்கு மறை கழண்டுடுச்சு. முதல்ல அந்த டிவியைக் கழட்டுங்க. அதுவும் கூடவே போவட்டும்."

மறுநாள் காலை வேன் வந்தது. டிவியைப் போர்வையில் சுற்றி ஏற்றினார்கள். கிரேஸி பக்கத்து வீட்டு வாசலைப் பார்த்து ஓர் அடி எடுத்து வைத்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்மா."

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு? சுஹேல் வாசல்லயே நிக்கிறாரு. ஏறுங்க அத்தை, டைம் ஆவுது."

கிரேஸி ஏறினாள். ஜார்ஜ் முன்சீட்டில் உட்கார்ந்தான்.

அன்று சாயங்காலம் வீடு அமைதியாக இருந்தது. ஜெனிஃபா காபி கலந்து எடுத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்தாள். டிவி மாட்டியிருந்த இடத்தில் நாலு ஓட்டைகள். கல்யாணமாகி வந்ததிலிருந்து இப்படி ஒரு நிம்மதி கிடைத்ததில்லை.

சுவரை யாரோ மெல்லத் தட்டினார்கள்.

அப்புறம், சுவருக்கும் கூரைக்கும் நடுவே இருந்த சந்து வழியாக ஒரு ரகசியக் குரல்.

"கிரேஸிக்கா... நான்தான் குர்ஷித். ஏன்க்கா இன்னிக்கு டிவி போடல?"

ஜெனிஃபா எழுந்து நின்றாள்.

"சுஹேல் பேசினதுல கோவமா? மன்னிச்சுடுங்கக்கா. அவனுக்கும் அண்ணன் போன துக்கம். நான்தான் சத்தமா வெக்கச் சொன்னேன்னு அவங்கிட்ட எப்படிச் சொல்லுவேன்? துக்க வீட்டுல உக்காந்து ராணி கதை கேக்குறாளான்னு காறித் துப்ப மாட்டாங்களா? எனக்காகப் பழி எல்லாத்தையும் நீங்க வாங்கிக்கிட்டீங்க."

ஜெனிஃபா சுவரையே பார்த்தாள்.

"ஜெனிஃபாகிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. அதுங்கிட்ட சொன்னா தெரு முழுக்கத் தெரிஞ்சுடும். பகலெல்லாம் யாராச்சும் வந்து என்னைக் கட்டிக்கிட்டு அழுவறாங்க. அந்த அரை மணி நேரம்தாங்க்கா நான் அழாம இருக்கறது."

பதில் சொல்ல ஜெனிஃபா வாயைத் திறந்தாள். அந்த ராணியின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது.

"டிவி போடாட்டியும் பரவால்லக்கா. ராணி வெளிய வந்துட்டாளா, இன்னும் உள்ளதான் இருக்காளா, அதை மட்டும் சொல்லுங்க..."

சுவரில் மறுபடி ஒரு தட்டு.

"அக்கா... அதை மட்டும் சொல்லுங்கக்கா."