செல்லக்கனிக்கு மிஞ்சிய சொல்

கபடிக்காரி செல்லக்கனியின் தொண்டையில் கபடிச் சங்கத்தார் பேச்சை அடக்கும் மின்சில்லு ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். களத்தில் எதையாவது எதிர்த்துக் குரல் கொடுத்தால் பேச்சு போய்விடும்.

அண்ணன் இசக்கிமுத்து சாக்கடைக் குழிக்குள் இறங்கிச் செத்த மூன்றாம் நாள், ஆட்டத்தில் எதிரணிப் பக்கம் பாடிப்போனவள் கபடி என்று சொல்லாமல் அண்ணன் பேரையே மூச்சுவிடாமல் சொன்னாள். அன்றோடு அவள் தொண்டையில் ஒரு சொல்லை மட்டும் விட்டுவைத்தார்கள். ஆட்டத்துக்கு அது போதுமாம்.

வீடு வந்தவள் வாயே திறக்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்தில் அம்மா அவளை உலுக்கினாள்.

"ஏட்டி, அண்ணனச் சொல்லி அழுதுரு. நெஞ்சு வெடிச்சிரும்."

செல்லக்கனி அழுதாள்.

"கபடி... கபடி... கபடி..."

"துட்டி வீட்லயும் ஆட்டமாக்கும்?" என்று சிரித்தாள் சாவு வீட்டுக்கு வந்த ஒருத்தி.

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. மகளைக் கட்டிக்கொண்டு அவளும் அதையே சொல்லி அழுதாள்.