மஞ்சள் விளக்கில் நீலம்

மேடைக்கு இன்னும் ஏழு மணி நேரம் இருந்தது. ஐவன் காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, தொப்பியை நெற்றிக்குக் கீழே இழுத்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தார்.

ஆத்லோன் பகுதியில் இருந்த அந்தக் கடைக்குள் ஆண்கள் தனியாக வருவது குறைவு. சுவர் முழுக்க ஜரிகை, பாசி, இறகு. கடைக்காரி ஷமீலா மேசையில் கண்ணாடிக் கற்களைச் சலித்துக்கொண்டிருந்தாள்.

"நீலக் கல் வேணும்மா. இன்னிக்கு ராத்திரி மேடை ஏறுற கவுன்ல ஒட்டுறது."

"எந்த நீலம் அங்கிள்?"

"நீலம்னா நீலம்தானே?"

ஷமீலா கறுப்புத் துணி ஒன்றை விரித்து, டப்பா டப்பாவாகத் திறந்து ஒவ்வொரு கல்லாக வைத்தாள். மை நீலம், மயில் நீலம், கடல், வானம், விடிகாலைப் புகை மாதிரி ஒன்று. வரிசை முடிவதாக இல்லை.

ஐவன் கைபேசியை எடுத்து அந்தச் செய்தியை மறுபடி படித்தார். 'இடுப்புப் பக்கம் கல் பத்தல. நீங்களே பாத்து எடுத்துட்டு வருவீங்களா?' ஏழு மாதத்தில் அந்த எண்ணிலிருந்து வந்த முதல் செய்தி அது. தப்பான நீலத்தோடு போய் நின்றால் அடுத்தது வராது என்று அவருக்குத் தோன்றியது.

"இது," என்று மை நீலத்தைத் தொட்டார்.

"கையில நல்லாத்தான் இருக்கும். மேடை லைட்டுல கறுப்பாயிடும். தூரத்துலேர்ந்து பாத்தா கவுன்ல ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும்."

கடையின் மூலையில் திரை கட்டிய ஓர் இடம் இருந்தது. உள்ளே மஞ்சள் விளக்கைப் போட்டு, துணியை ஆணியில் மாட்டினாள். "பத்தடி தள்ளி நில்லுங்க. எது மினுங்குதுன்னு சொல்லுங்க."

வெளியே தென்கிழக்குக் காற்று கடைக்கதவை அடித்துச் சாத்தியது. ஐவன் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"கல்லைப் பாருங்க அங்கிள், கதவை இல்ல. உங்களை யாரும் புடிச்சுட்டுப் போக மாட்டாங்க."

வான நீலம் வெளுத்துப் போயிருந்தது. புகை நிறம் இருந்த இடமே தெரியவில்லை. மயிலும் கடலும் மட்டும் மினுங்கின.

"இனிமே தோலைப் பொறுத்தது," என்றாள் ஷமீலா. "ஆளைக் கூட்டிட்டு வந்திருக்கலாமே?"

"அது முடியாது."

"என்ன நிறம்னாவது சொல்லுங்க."

ஐவன் சட்டைக் கையை மடித்து, மணிக்கட்டை விளக்கடியில் நீட்டினார். "இதே நிறம். துளி மாறாது."

அவள் இரண்டு கற்களையும் அங்கே வைத்துப் பார்த்தாள். மயில் நீலம் தோலைச் சாம்பலாகக் காட்டியது. கடல் நீலம் சுடர்விட்டது.

"கடல்தான். ரெண்டு குரோஸ், இருநூத்தி எண்பத்தெட்டு கல், போடுறேன்." கற்களை அள்ளியபடி ஓரக்கண்ணால் பார்த்தாள். "கட்டின பொண்டாட்டிக்குக்கூட ஒருத்தரும் இப்படிக் கல் பொறுக்கி நான் பாத்ததில்ல."

"சீக்கிரம் குடும்மா."

கதவு மறுபடி திறந்தது. இந்த முறை காற்று இல்லை.

"மச்சான்! உன் கார் மாதிரியே இருக்கேன்னு பாத்தேன்."

நெவில். ஐவன் மனைவியின் அண்ணன், தேவாலயப் பித்தளை வாத்தியக் குழுவின் தலைவர். கிறிஸ்துமஸ் சீருடைக்கு ஜரிகை வாங்க வந்திருந்தார். மேசையில் இருந்த கற்களைப் பார்த்துப் பலமாகச் சிரித்தார்.

"என்ன, நீ ஓட்டுற பஸ்ஸுக்குக் கல் ஒட்டப் போறியா?"

"கவுனுக்கு," என்றாள் ஷமீலா. "இன்னிக்கு ராத்திரி மேடையாம்."

நெவிலின் சிரிப்பு பாதியில் நின்றது. "யாரோட கவுன்?"

ஐவன் தொப்பியை இன்னும் கீழே இழுத்துக்கொண்டார்.

"என் தங்கச்சிக்கு இருக்கிற ஒரே நல்ல கவுன் கறுப்பு. அவ எந்த மேடையிலயும் ஏறினதில்ல."

"மெதுவாப் பேசு, நெவில்."

"ஏன் மெதுவா? ரெண்டு தெரு தள்ளி காரை நிறுத்தத் தெரிஞ்சவனுக்கு வெக்கம் இப்பத்தான் வருதா?" ரிப்பன் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பினார்கள். நெவில் குரலைத் தணிக்கவில்லை. "ஏப்ரல்ல உன் பையன் கைல் சண்டை போட்டுட்டு வீட்டை விட்டுப் போனதுலேர்ந்து நீ ஆளே சரியில்ல. அவன் எனக்கும் மருமகன்தான், எனக்கும் வலிக்குது. அதுக்காக இந்த வயசுல எவளோ ஒரு ஆட்டக்காரிக்கு வந்து கல் பொறுக்குவியா?"

ஐவன் ஆமென்று தலையை ஆட்டியிருந்தால் போதும். மனைவி அழுவாள், நெவில் ஒரு மாதம் முகம் கொடுக்க மாட்டார். பிறகு மன்னித்துவிடுவார்கள். அந்த மாதிரித் தவறு செய்தவர்கள் இரண்டு பேர் இன்னும் குழுவில் ஊதிக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஷமீலா பொட்டலத்தை நீட்டினாள். ஐவன் அதை வாங்கிக்கொண்டு, தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"வாயைத் திற மச்சான். யாருக்கு?"

"கைலுக்குத்தான்."