கசியும் இடம்

டர்போ வண்டியில் காற்று கசியும் இடத்தை நான் கண்ணால் தேடுவதில்லை. கம்ப்ரசர் காற்றை உள்ளே ஏற்றிவிட்டு, ஒரு ரப்பர் ட்யூபின் நுனியைக் காதில் வைத்து, மறுநுனியை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்துவேன். உஸ்ஸென்று கேட்கும் இடத்தில் கட்டை விரலை அழுத்துவேன். சத்தம் நின்றால் ஓட்டை அங்கேதான். சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்ப்பதெல்லாம் காது கேட்காதவர்களின் வேலை.

ஜெசிந்தாவின் வாடகைக் கார் மூன்றாவது முறையாக வந்து நின்றது. ஏற்கனவே இரண்டு ஹோஸ், நான்கு கிளாம்ப் மாற்றியிருந்தேன்.

"மேட்டுல இன்னும் இழுக்கலண்ணே. நேத்து சவாரிக்கு வந்தவங்க எறங்கி நடந்தாங்க. மானமே போச்சு."

"செத்த பேசாம இரும்மா. சத்தம் கேக்கணும்."

முதல் இணைப்பில் உஸ்ஸென்றது. அழுத்தினேன், நிற்கவில்லை. காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலும் அதே சத்தம். போன வாரம் மாட்டிய புது ஹோஸிலும் அதே சத்தம். ஸ்பேனரைத் தரையில் எறிந்தேன்.

"சல்லடையாட்டம் எல்லா எடத்துலயும் போகுது. என்னத்த ஓட்டுன இத?"

அவள் ட்யூபை வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலயேண்ணே."

"ஒனக்கு எப்படிம்மா கேக்கும்?"

அவள் சுவரைக் காட்டினாள். கம்ப்ரசரின் காற்றுக் குழாய் ஆணியிலேயே சுருண்டு தொங்கியது. வண்டி திரும்பவும் வந்து நின்ற கோபத்தில் அதை நான் மாட்டவே இல்லை.

ட்யூப் அவள் கையில் இருந்தது. உஸ்ஸென்ற சத்தம் மட்டும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

கட்டை விரலை என் காதில் வைத்து அழுத்தினேன். சத்தம் கூடியது.